டோர் வழியே முழு இணையப் போக்குவரத்து: யாழ்ப்பாணத் தீவகத்தில்

கணினியிலிருந்து வெளியேறும் இணையத் தரவு முழுவதையும், டோர் என்னும் அடையாளம் மறைக்கும் வலையமைப்பின் ஊடாக அனுப்பும் ஏற்பாடு இது. உலாவி மட்டுமல்ல, மின்னஞ்சல், அரட்டைச் செயலி, பின்னணியில் தானாக ஓடும் மென்பொருள் இற்றைப்படுத்தல் எல்லாமே இதில் அடங்கும். 2007 முதல் இணையத் தடைகளைப் பலமுறை கண்ட நாடு இலங்கை. அதன் வடமேற்குக் கடலோரத்துத் தீவகத்தில் இந்த ஏற்பாட்டின் பயனும் எல்லையும் கொழும்பில் இருப்பதுபோல இல்லை. ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்துடன் தொடுக்கப்பட்டவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேற வேண்டும். ஆட்கள் குறைவு, ஒருவரையொருவர் தெரியும். இக்கட்டுரைக்கு அதுவே முக்கியம்.

தோற்றம்

ஒனியன் ரவுட்டிங் எனப்படும் இம்முறை 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் போல் சைவர்சன், மைக்கேல் றீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. றொஜர் டிங்கிள்டைனும் நிக் மத்தியூசனும் சைவர்சனோடு சேர, 2002 இல் டோர் இயங்கத் தொடங்கியது. 2004 இல் அதன் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. 2006 இல் டோர் புரொஜெக்ட் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் அமைந்தது. கடற்படை தன் கருவியை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டது தாராள மனத்தால் மட்டும் அல்ல. தன் ஆட்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தினால், அதில் தென்படும் எவரும் தன் ஆள் என்பது எதிரிக்கு வெளிச்சமாகிவிடும். மறைவதற்குக் கூட்டம் வேண்டும்.

இயங்கும் முறை

நெடுந்தீவில் ஒருவர் யாழ்ப்பாணத்து உதயன் நாளிதழின் தளத்தை டோர் வழியே திறக்கிறார் என்று கொள்வோம். அவருடைய கணினி, உலகெங்கும் தொண்டர்கள் நடத்தும் பல்லாயிரம் கணுக்களில், அதாவது தரவைக் கைமாற்றும் கணினிகளில், மூன்றைத் தேர்ந்து ஒரு சுற்றை அமைக்கும். தரவு மூன்று அடுக்காகக் குறியாக்கம் செய்யப்பட்டுப் புறப்படும். ஒவ்வொரு கணுவும் தனக்குரிய அடுக்கை மட்டும் அவிழ்க்கும். நுழைவுக் கணுவுக்கு அனுப்புபவரின் ஐபி முகவரி தெரியும், போகும் இடம் தெரியாது. வெளியேறு கணுவுக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. இடைக்கணுவுக்கு இரண்டும் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய இணைப்புகளுக்குச் சுற்று மாறும். நுழைவுக் கணு மட்டும் மாதக்கணக்கில் மாறாமல் இருக்கும். கணுக்களில் பெரும்பங்கு ஜேர்மனி, அமெரிக்கா, நெதர்லாந்து, பிரான்ஸ் போன்ற நாடுகளில் இருப்பதால், யாழ்ப்பாணத்துச் செய்தி ஐரோப்பாவைச் சுற்றித்தான் நெடுந்தீவுக்கு வந்து சேரும். வேகம் குறைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வெளியேறு கணுவிலிருந்து தளம் வரையான கடைசித் துண்டை டோர் குறியாக்கம் செய்வதில்லை. தளம் எச்டிடிபிஎஸ் என்னும் குறியாக்க இணைப்பு அற்றதானால் அந்தக் கணுவை நடத்துபவர் எல்லாவற்றையும் வாசிக்கலாம். 2007 இல் சுவீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் ஐந்து வெளியேறு கணுக்களை நடத்தி, பல நாட்டுத் தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைத் திரட்டிக் காட்டினார். இந்திய அரச அலுவலகங்களின் கணக்குகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. டோரைக் குறியாக்கத்தின் மாற்றீடாக எடுத்துக்கொண்டவர்கள்தான் அதில் மாட்டினார்கள்.

செலுத்தும் வழிகள்

டோர் உலாவி தன் போக்குவரத்தை மட்டுமே டோரில் விடும். பக்கத்தில் திறந்திருக்கும் வேறெந்த மென்பொருளும் வழக்கமான பாதையில்தான் போகும். முழுக் கணினியையும் திருப்ப, லினக்ஸ் பயனர்கள் ஐபிடேபிள்ஸ் என்னும் தீச்சுவர் விதிகளால் எல்லா டிசிபி இணைப்பையும் டோரின் 9040 வாயிலுக்குத் தள்ளி, தளப் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் வினவல்களையும் டோருக்கே கொடுத்து, மிச்சத்தை வெட்டிவிடுவது பழைய முறை. ஊனிக்ஸ் என்பது இரண்டு மெய்நிகர் கணினிகளைக் கொண்ட ஏற்பாடு. ஒன்று வாசற்காவல், மற்றது வேலை செய்யும் இடம். வேலை செய்யும் கணினிக்குத் தன் உண்மையான ஐபி முகவரியே தெரியாது. இதற்கு நினைவகம் தாராளமாக வேண்டும். டெய்ல்ஸ் 8 ஜிபி யூஎஸ்பி குச்சியிலிருந்து தொடங்கும் இயங்குதளம். அணைத்தவுடன் கணினியில் தடயம் விடாது. 2013 இல் அமெரிக்க உளவு ஆவணங்களை வெளியிட்ட எட்வேட் ஸ்னோடனோடு தொடர்பாடிய ஊடகவியலாளர்கள் இதையே பயன்படுத்தினர். 2024 இல் டெய்ல்ஸ் அமைப்பு டோர் புரொஜெக்டுடன் இணைந்தது.

தீவகத்தில் கணினியைவிடக் கைத்தொலைபேசியே இணையத்தின் முதன்மை வாசல். ஆதலால் இங்கே பெரிதும் பொருந்துவது கார்டியன் புரொஜெக்டின் ஓர்பொட் செயலி. விபிஎன் (மெய்நிகர் தனியார் வலையமைப்பு) போல இயங்கி, தெரிவுசெய்த செயலிகளை அல்லது எல்லாச் செயலிகளையும் டோருக்குள் அனுப்பும்.

ஒழுகல்கள்

முழுவதையும் திருப்பிவிட்டால் முழுப் பாதுகாப்பு என்று நினைப்பது வழக்கமான தவறு. டோர் டிசிபி வகை இணைப்புகளை மட்டுமே கொண்டுசெல்லும். வாட்ஸ்அப், வைபர் குரல் அழைப்புகள் முதன்மையாக யூடிபி என்னும் வேறு வகையை நம்பியவை. ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் டோர் வழியே எழுத்துச் செய்தி போகலாம், ஆனால் குரல் அழைப்பு எடுபடாது அல்லது வெட்டிவெட்டிக் கேட்கும். விதிகள் சரியாக எழுதப்படாவிடில் டிஎன்எஸ் வினவல் வெளியே கசியும். ஐபி பதிப்பு 6 இணைப்பு கவனிக்கப்படாமல் நேரே போய்விடும்.

இவற்றைவிடப் பெரிய ஒழுகல் பயனரின் பழக்கத்தில் இருக்கிறது. முகநூலில் சொந்தப் பெயரில் நுழைந்தபடி, அதே கணினியில் பெயர் சொல்லாமல் இன்னொரு வேலை பார்த்தால், இரண்டும் ஒரே சுற்றில் ஒரே வெளியேறு கணுவால் போகக்கூடும். டோர் உலாவி தளத்துக்குத் தளம் சுற்றைப் பிரிக்கும். எல்லாவற்றையும் மொத்தமாகத் திருப்பும் பழைய முறை அப்படிப் பிரிப்பதில்லை. சாதாரண குரோம் உலாவியை டோர் வழியே விட்டாலும், திரையளவு, எழுத்துருக்கள், நேர வலயம் முதலியவற்றைக் கூட்டிப் பார்த்து அந்த ஒரு கணினியைத் தளங்கள் இனங்காண முடியும். ஆக, டோர் உலாவியை மட்டும் ஒழுங்காகப் பயன்படுத்துபவர், அரைகுறையாக முழுக் கணினியையும் திருப்பியவரைவிடப் பாதுகாப்பாக இருப்பார்.

தீவுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலைப்பின்னலோடு சேராமல் நீண்டகாலம் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. மின்சாரம் போய்வரும் இடத்தில் உள்ள பழைய மேசைக் கணினியில், தாய்ப்பலகையின் சிறு மின்கலம் செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் திகதி பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். டோர் தன் கணுப் பட்டியலின் செல்லுபடிக் காலத்தைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் இணையவே மாட்டாது. பயனரோ அரசாங்கம் தடுத்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார். முதலில் மணியைச் சரிபார்ப்பது நல்லது.

இலங்கையின் தடைகள்

2007 ஜூனில் தமிழ்நெற் செய்தித் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டது. 2011 முதல் கொழும்பு டெலிகிராப் போன்ற தளங்களும் தடைப்பட்டன. 2015 ஜனவரி ஆட்சி மாற்றத்தோடு அத்தடைகள் நீங்கின. பின்னர் தடை தளங்களை விட்டுச் சமூக ஊடகங்கள் மேல் வந்தது. கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையைத் தொடர்ந்து 2018 மார்ச் 7 இல் முகநூல், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் முடக்கப்பட்டன. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்த 2019 ஏப்ரல் 21 அன்று மீண்டும் தடை; அந்த மாதம் 30 வரை நீடித்தது. டனல்பெயர் என்ற விபிஎன் சேவையும் அப்போது தடுக்கப்பட்டதாக, இணையத் தடைகளைக் கண்காணிக்கும் நெற்புளொக்ஸ் அமைப்பு அறிவித்தது.

பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போது வந்த 2022 ஏப்ரல் 3 தடை ஒரு நாள்கூட நிற்கவில்லை. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நள்ளிரவுக்குப் பின் விதித்த தடை பிற்பகலே நீங்கியது. அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தானும் விபிஎன் பாவிப்பதாகவும் இத்தகைய தடை பயனற்றது என்றும் டுவிட்டரில் எழுதினார்.

ரொறன்ரோவிலும் பரிஸிலும் சுவிஸிலும் பிள்ளைகள் இருக்கும் தீவக வீடுகளில் வைபரும் வாட்ஸ்அப்பும்தான் தொலைபேசி. தடை நாட்களில் அவர்களுக்கு வேண்டியிருந்தது குரல் கேட்கும் வழி. அதற்கு டோரைவிட விபிஎன் பொருத்தமானது. இலவச விபிஎன் நிறுவனம் தன் ஊடாகப் போகும் இணைப்புகளைக் காணும் என்ற குறை இருந்தாலும் அப்படித்தான். முகநூலை வாசிப்பதற்கு மட்டும் டோர் நேரடியாக உதவும். 2014 அக்டோபரிலேயே முகநூல் தனக்கென, டோருக்குள்ளேயே திறக்கும் ஓர் ஒனியன் முகவரியைத் திறந்துவிட்டது.

சிறிய ஊரில் டோர்

டோர் உண்மையில் வேண்டியவர்கள் வேறு. 2000 அக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு நேரத்தில், வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார் பிபிசி செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன். அந்த வரலாறு உள்ள மாவட்டத்தில் செய்தி அனுப்புபவர், அவருக்குத் தகவல் கொடுப்பவர், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு வேலை செய்பவர் ஆகியோருக்கு, எங்கே தொடர்புகொள்கிறோம் என்பது தெரியாமலிருப்பது உயிர்ப் பிரச்சினை.

ஆனால் சேவை வழங்குநரிடமிருந்து டோர் மறைப்பது எங்கே, என்ன போகிறது என்பதை மட்டுமே. டோரில் இருக்கிறோம் என்பதைத் தானாக மறைப்பதில்லை. குறிகட்டுவானில் வள்ளம் ஏறுபவர் எங்கே போகிறார் என்று தெரியாவிட்டாலும், ஏறினார் என்பது இறங்குதுறை முழுக்கத் தெரியும், அதுபோலத்தான் இதுவும். இலங்கையில் சிம் அட்டை தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு பதியப்படுகிறது. எந்தக் கோபுரத்தில் எந்த எண் இணைந்தது என்பதும் சேவை வழங்குநரிடம் உண்டு. கொழும்பின் ஒரு கோபுரத்தின் கீழ் டோர் பயனர் பலர் இருக்கலாம். நெடுந்தீவில் ஒருவர் மட்டுமே இருக்கக்கூடும்.

இது வெறும் ஊகமல்ல. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், பரீட்சையைத் தள்ளிப்போட டோர் வழியே பொய்க் குண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். யாரும் டோரை உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டோரைப் பயன்படுத்தியவர் யார் என்று பதிவேட்டைப் பார்த்தார்கள். விசாரித்தபோது அவர் ஒப்புக்கொண்டார். ஆளில்லாத இடத்தில் முகமூடி போட்டு நடப்பவரைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள்.

சட்டம்

டோரையோ விபிஎன் சேவையையோ பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அமைக்கப்படும் ஆணைக்குழுவொன்றுக்கு உள்ளடக்கத்தை நீக்கவும் அணுகலைத் தடுக்கவும் பணிக்கும் அதிகாரம் தருகிறது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதுகளைக் கண்ட வடக்கில், கருவி சட்டபூர்வமானது என்பது மட்டும் ஆறுதலாகாது.

பாலங்கள்

டோரில் இருப்பதையே மறைக்க, பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவுக் கணுக்கள் உண்டு. இவை பாலங்கள் எனப்படும். ஒப்ஸ்4 என்ற முறை டோர் தரவை இனங்காண முடியாத இரைச்சலாக மாற்றும். ஸ்னோஃபிளேக் முறையில் தரவு காணொளி அழைப்பு ஒன்றின் வடிவில் போகும். வெளிநாட்டிலுள்ள எவரும் தம் உலாவியில் ஒரு நீட்சியை நிறுவினால் போதும், முன்பின் தெரியாத ஒருவருக்கு வழியாவார். சீனாவிலும் ஈரானிலும் டோர் இன்றும் இயங்குவது இவற்றால்தான். ஓர்பொட் செயலியிலும் இவற்றைத் தெரிவுசெய்யலாம். புலம்பெயர்ந்த உறவினர் தம் வீட்டுக் கணினியில் பட்டியலிடாத தனிப் பாலம் ஒன்றை நடத்தி, அதன் முகவரியை ஊரிலுள்ள ஒருவருக்குக் கொடுப்பதும் முடியும். தீவிலிருந்து ரொறன்ரோ வீடொன்றுக்குத் தரவு போவதைப் பார்ப்பவர் அதில் புதுமை எதையும் காணமாட்டார். ஆனால் அந்தப் பாலம் ஒருமுறை அடையாளம் காணப்பட்டால், அது நேரே ஒரு குடும்பப் பெயருக்கே இட்டுச்செல்லும். ஆபத்தான வேலையில் இருப்பவர் உறவினரின் பாலத்தைத் தவிர்த்து, பலர் பாவிக்கும் ஸ்னோஃபிளேக்கையே நாடுவது மேல்.