தோட்ட மண்ணும் கூட்டு மன்றாட்டும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்தில், 1909-இல் நிறைவுற்ற ரயில் பாதையை ஒட்டி அமைந்த ரெங்கம், ரப்பர்த் தோட்டங்களால் வளர்ந்து பின்னர் செம்பனைக்கு மாறிய வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். கங்காணி முறையில், அதாவது தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் தம் ஊருக்குத் திரும்பிச் சென்று உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டிவரும் முறையில், இத்தகைய மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் இந்துக்களே. ஆயினும் கத்தோலிக்கரும் லுத்தரன், மெதடிஸ்ட் சபையினரும் அவர்களிடையே இருந்தனர். இக்கிறிஸ்தவர்களின் வரலாறு ஆலயங்கள் எழுந்த ஆண்டுகளைக் கொண்டே பெரிதும் எழுதப்படுகிறது. அவர்கள் உழைத்த மண்ணும், அம்மண்ணில் அவர்களது உடல் பட்ட பாடும் அவ்வரலாற்றில் உரிய இடம் பெற்றாக வேண்டும்.

நிலத்துக்காக ஊர் கூடி மன்றாடுவது திருச்சபையில் மிகப் பழைய வழக்கம். 5-ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள வியன் நகரை நிலநடுக்கமும் தீயும் வாட்டியபோது, அந்நகர ஆயர் மமெர்த்துஸ் விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்தைய 3 நாள்களில் நோன்பையும் மன்றாட்டுப் பவனியையும் ஏற்படுத்தினார். அது பின்னாளில் வயல்களை மந்திரித்து விளைச்சலுக்காக வேண்டும் சடங்காக விரிந்தது. அச்சடங்கில் விளைச்சல் முன்னின்றதேயன்றி, விளைவித்தவரின் கூலி முன்னிற்கவில்லை. 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, திருப்பலியில் மக்கள் ஆட்சியாளருக்காகவும் துன்புறுவோருக்காகவும் உலகுக்காகவும் சேர்ந்து வேண்டும் விசுவாசிகள் மன்றாட்டை மீட்டெடுத்து, தாய்மொழி வழிபாட்டுக்கும் வழி திறந்ததால், தோட்டத்துத் துயரம் பீடத்தின்முன் தமிழிலேயே சொல்லப்பட இடம் பிறந்தது.

சொல்லப்பட வேண்டிய துயரங்களுள் கொடியது களைக்கொல்லி. பாராகுவாட் என்ற மருந்து பட்ட இடத்தில் களையை விரைந்து கருக்கும். மனித உடலுக்குள் சென்றால் நுரையீரலைக் கெடுக்கும். அதற்கு முறிமருந்து இல்லை. தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெண்களே மிகுதியாக இருந்தனர். நகங்கள் கெடுவதும் மூக்கில் இரத்தம் வடிவதும் அவர்களுக்கு வேலையோடு வந்த நோய்களாயின. மண்ணுக்கு நேர்ந்த கேடும் கூலிப் பெண்ணுக்கு நேர்ந்த அநீதியும் இங்கே வெவ்வேறு அல்ல. தோட்டச் சூழலில் வளர்ந்து, ஆசிரியப் பணியைத் துறந்து இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் முழுநேரம் உழைத்த ஐரின் பெர்னாண்டஸ் (1946–2014) இதைத் தெளிவாகக் கண்டார். 1991-இல் அவர் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்குவதாக அறிவித்து, 2006-இல் அம்முடிவைத் தளர்த்தியது.

இத்தகைய நாட்டின் கிறிஸ்தவப் பெண்களிடமே 2012-ஆம் ஆண்டுக்கான உலக மகளிர் ஜெப நாளின் வழிபாட்டை எழுதும் பொறுப்பு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதித் தரும் வழிபாட்டை, மார்ச் மாத முதல் வெள்ளியன்று பல நாடுகளின் சபைகள் சேர்ந்து நடத்தும் நாள் இது. 1927 முதல் உலக அளவில் கடைப்பிடிக்கப்படுகிறது. மலேசியப் பெண்கள் 'நீதி மேலோங்குக' என்ற கருத்தைத் தலைப்பாக்கி, வன்முறை கண்டு இறைவனிடம் முறையிடும் இறைவாக்கினர் ஆபகூக்கின் குரலையும், நீதியற்ற நடுவரை விடாமல் வற்புறுத்திய கைம்பெண்ணின் உவமையையும் மறைநூல் பகுதிகளாகத் தேர்ந்தெடுத்தனர். அந்தத் தேர்வின் துணிவு போற்றத்தக்கது: பொறுமையைப் போதிக்கும் பகுதிகள் எத்தனையோ இருக்க, அவர்கள் முறையீட்டை எடுத்துக்கொண்டனர்.

படைப்புக்கான ஜெபம் வேறொரு வழியில் வந்தது. கான்ஸ்தாந்திநோப்பிள் முதுபெரும் தந்தை முதலாம் திமித்ரியோஸ் 1989-இல் செப்டம்பர் 1-ஐ அதற்குரிய நாளாக அறிவித்தார். 2015-இல், பூமியின் அழுகையையும் ஏழையரின் அழுகையையும் இணைத்துப் பேசிய சுற்றுமடலை வெளியிட்ட திருத்தந்தை பிரான்சிஸ், அந்நாளைக் கத்தோலிக்கருக்கும் ஏற்படுத்தினார். ஆயினும் மண்ணையும் உழைத்தவரையும் ஒருங்கே வாட்டிய பாராகுவாட் மலேசியாவில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரி 1-இல்தான். அதற்குள் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தோட்டங்களை விட்டு வெளியேற, அவ்வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தனர். அவ்வாறு வந்த அயல்நாட்டுத் தொழிலாளர் தடுப்பு முகாம்களில் வதைபடுவதை 1995-இல் வெளிப்படுத்தியதற்காக 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட ஐரின் பெர்னாண்டஸ், 2008-இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்.