டின்னவெல்லி பிறந்த கதை

எங்கள் ஆச்சி ஒருநாள்கூட ‘திருநெல்வேலி’ என்று முழுசாகச் சொன்னதில்லை. “தின்னவேலிக்குப் போயிட்டு வாரேன்” என்பாள். அம்பாசமுத்திரம் பக்கத்தில் வயசானவர்கள் வாயில் இன்றும் அந்த ‘ரு’ வருவதில்லை. ‘டின்னவெல்லி’ என்று வெள்ளைக்காரர்கள் எழுதியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் குரல்தான் கேட்கும். அவர்கள் காதில் விழுந்தது ஏட்டில் இருந்த பெயராக இருக்காது. சந்தையிலும் படித்துறையிலும் புழங்கிய பெயராகத்தான் இருக்கும்.

ஏட்டுப் பெயருக்கு ஒரு கதை உண்டு. வேதசர்மா என்ற ஏழை அடியவர், சுவாமிக்கு அமுது படைக்க வீடு வீடாகப் போய் நெல் வாங்கி வந்தார். அதைக் காயப்போட்டுவிட்டுத் தாமிரபரணியில் குளிக்க இறங்கினார். திடீரென்று மழை. பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தால், சுற்றிலும் வெள்ளம் ஓட, நெல் மட்டும் நனையாமல் வெயிலில் கிடக்கிறது. சுவாமியே வேலியாக நின்று காத்திருக்கிறார். அதனால் அவர் நெல்லையப்பர், ஊர் திருநெல்வேலி. கோயிலில் தை மாதத்தில் இந்த நிகழ்ச்சியை இன்றும் விழாவாக நடத்துகிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியபோதே ஊருக்கு இதுதான் பெயர்.

1801-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த இந்தச் சீமை, டின்னவெல்லி ஜில்லா ஆனது. பாளையங்கோட்டை ‘பாளம்கோட்டா’ ஆயிற்று, தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆயிற்று. கால்டுவெல்லைவிடத் தமிழ் அறிந்த ஐரோப்பியரைச் சொல்வது கடினம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் எழுதியவர், இடையன்குடியிலேயே வாழ்ந்தவர். அவரும் 1881-இல் இந்த மாவட்டத்தின் வரலாற்றை எழுதியபோது அட்டையில் டின்னவெல்லி என்றே போட்டார். பெயரின் பொருள் தெரியாமலா போட்டிருப்பார்? ஆங்கிலத்தில் அதற்குள் அதுதான் பெயராகிவிட்டது. 1917-இல் பேட் என்பவர் தொகுத்த கெஜட்டியரும் அதே பெயரில்தான் வந்தது.

ஆச்சியும் துரையும் ஏறக்குறைய ஒரே ஒலியைத்தான் சொன்னார்கள் என்றால், குறை எங்கே? ஆச்சி ஓர் எழுத்தை விழுங்கினாளே தவிர, நெல்லையும் வேலியையும் மறக்கவில்லை. நெல்லையப்பர் தேர் அன்றைக்கு அவள் வாயில் முழுப் பெயரும் உயிரோடுதான் இருந்தது. டின்னவெல்லி என்று மட்டுமே படித்த வெளியூர்க்காரருக்கு அதில் நெல்லும் கிடையாது, வேலியும் கிடையாது. சொந்தக்காரர் சுருக்கிக் கூப்பிடலாம். மற்றவர் முழுப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் மரியாதை.

அந்தப் பழைய பெயர் இன்னும் சாகாத இடம் ஒன்று இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் நிலவாகை கேளுங்கள். காய்ந்த, நீண்டு கூரான, வெளிறிய பச்சை இலையை ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டித் தருவார்கள். மலச்சிக்கலுக்கான நிலவாகைச் சூரணம் இதில்தான் ஆகிறது. அரபு நாட்டுச் செடி. நம் கரிசலிலும் செம்மண்ணிலும் ஊன்றிக்கொண்டது. தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிப்போன இந்த இலைக்கும் காய்க்கும் மேல்நாட்டு மருந்து நூல்களில் இன்றும் ‘டின்னவெல்லி சென்னா’ என்றே பெயர். அதன் போட்டிச் சரக்குக்கு ‘அலெக்சாண்டிரியா சென்னா’ என்று பெயர். அது விளைந்ததோ பெரும்பாலும் சூடானில். ஏற்றிய துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. விளைவித்த ஊர் அங்கே பெயரிலேயே இல்லை. நம் ஊராவது அரைகுறையாக நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலத்திலும் திருநெல்வேலி திரும்பி வந்தது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கு மட்டும் 14 ஆங்கில எழுத்துகள். எதிர்ப்புக் கிளம்ப, அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது, ஆனால் ஊர்க்காரர்களிடம் கேட்காமல் எழுத்துக்கூட்டலை மேலேயிருந்து இறக்கினால் அது நிற்காது.

இதே வலி ஆப்பிரிக்காவில் முழு நாடுகளுக்கே உண்டு. ஆற்றின் பெயரால் ஆன நாடு காம்பியா. 1965-இல் விடுதலை பெறும் முன்பே, ஆங்கிலத்தில் தங்கள் பெயருக்கு முன்னால் ‘தி’ இருக்க வேண்டும் என்று அந்த நாட்டார் லண்டனுக்கு எழுதிவிட்டார்கள். சாம்பியா என்ற புதிய நாட்டுப் பெயரோடு உலகம் குழப்பிவிடக் கூடாதே என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம். ஐவரி கோஸ்ட் என்று மொழிபெயர்க்க வேண்டாம், எந்த மொழியிலும் ‘கோட் டிவார்’ என்றே சொல்லுங்கள் என்று 1985-இல் அந்த நாடு கேட்டுக்கொண்டது. சுவாசிலாந்து 2018-இல் எஸ்வாட்டினி ஆனது. வெளிநாட்டில் தங்களைச் சுவிட்சர்லாந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று அதன் மன்னரே வருந்தினார்.

நம் பத்திரிகைகளில் இன்னும் ஐவரி கோஸ்ட் வருகிறது, சுவாசிலாந்தும் வருகிறது. பெயரை இழந்து மீட்ட ஊர்க்காரர்கள் நாம். பிள்ளைகளுக்கு உலகப் படம் காட்டும்போது கோட் டிவார், எஸ்வாட்டினி என்றே சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது காம்பியாவுக்கு முன்னால் அந்தத் ‘தி’யையும் விடாமல் எழுதுங்கள்.