ஆயுதம் ஏந்தாமல் அமைதி தேடிய மைக்கல் ஷார்ப்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கசாய் வட்டாரத்தில் 2017ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி ஐநா வல்லுநர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் அமெரிக்கரான மைக்கல் ஷார்ப், வயது 34. மற்றவர் சுவீடனைச் சேர்ந்த சயிடா கட்டலான், வயது 36. அவர்களுடன் சென்ற காங்கோ நாட்டு மொழிபெயர்ப்பாளரும் மோட்டார் சைக்கிளோட்டிகள் மூவரும் காணாமல் போயினர்.

நண்பர்களால் 'எம்ஜே' என்று அழைக்கப்பட்ட ஷார்ப், மெனோனைட் எனப்படும் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர். எந்தச் சூழ்நிலையிலும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது அப்பிரிவின் அடிப்படைப் படிப்பினைகளில் ஒன்று. அந்த நம்பிக்கையைப் பிரார்த்தனைக் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், துப்பாக்கி ஏந்தியவர்கள் வாழும் காடுகளுக்கே கொண்டு சென்றவர் என்பதால் அவர் இன்றும் நினைவுகூரப்படுகிறார்.

மெனோனைட்டுகள் யார்?

ஐரோப்பாவில் சமயச் சீர்திருத்தம் சூடுபிடித்திருந்த 1525ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் மறுமுழுக்கு இயக்கம் தோன்றியது. பச்சிளம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை அவ்வியக்கத்தினர் ஏற்கவில்லை. விவரம் அறிந்த வயதில் ஒருவர் தாமே விரும்பிப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்றனர். அதற்காக அவர்கள் வேட்டையாடப்பட்டனர். இயக்கத்தின் தொடக்கக்காலத் தலைவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ், 1527ஆம் ஆண்டில் சூரிக் நகரின் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார்.

நெதர்லாந்தில் கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்த மெனோ சைமன்ஸ், 1536ஆம் ஆண்டில் அப்பொறுப்பைத் துறந்து இந்த இயக்கத்தில் சேர்ந்தார். சிதறிக் கிடந்த குழுக்களை ஒன்றுதிரட்டிய அவருடைய பெயரே பின்னர் அப்பிரிவுக்கு நிலைத்தது.

போருக்குச் செல்ல மறுத்ததால் மெனோனைட்டுகள் நாடு விட்டு நாடு பெயர்ந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் 12,000 இளையர்கள் ராணுவச் சேவைக்கு மாற்றாகப் பொதுப் பணியைத் தேர்ந்தெடுத்தனர். காட்டுத் தீயை அணைப்பதும் மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பராமரிப்பதும் அவர்களுக்குத் தரப்பட்ட வேலைகளில் சில. அந்த இளையர்களில் மெனோனைட்டுகளே மிகப் பெரிய பிரிவினர்.

இந்தியாவுக்கும் இப்பிரிவினர் வந்துள்ளனர். ரஷ்யாவில் வாழ்ந்த மெனோனைட் சமூகத்தைச் சேர்ந்த ஆபிரகாம் ஃபிரிசன் தம்பதியர், 1889ஆம் ஆண்டில் ஹைதராபாத் சமஸ்தானத்தின் தெலுங்கு பேசும் பகுதிக்கு மறைபரப்பாளர்களாக வந்தனர். மறைபரப்பாளர்களின் பிள்ளைகள் பலர் அங்கேயே பிறந்து, தெலுங்கு கேட்டு வளர்ந்தனர். மெனோனைட் குடும்பங்களில் தொலைதூர நாட்டில் சேவை செய்வது வியப்புக்குரிய செய்தி அன்று. அண்ணனோ அத்தையோ எங்காவது பணியாற்றிவிட்டு வந்திருப்பார்கள். ஷார்ப் வளர்ந்ததும் அத்தகைய சமூகத்தில்தான்.

ராணுவ வீரர்களுக்கு ஆலோசகர்

ஷார்ப்பின் தந்தை மெனோனைட் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்தவர். இந்தியானா மாநிலத்தின் கோஷன் நகரில் மெனோனைட் பள்ளியில் படித்த ஷார்ப், வர்ஜீனியாவில் உள்ள ஈஸ்டர்ன் மெனோனைட் பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

பின்னர் அவர் ஜெர்மனிக்குச் சென்றார். ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஜெர்மனியில் உள்ள அமெரிக்க முகாம்களில் இருந்த வீரர்களில் சிலருக்கு, போரிடத் தங்கள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அத்தகையோர் சட்டப்படி விலகுவதற்கு விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் நடைமுறை நீண்டது, சிக்கலானது. அவ்வீரர்களுக்கு ஆலோசனை வழங்கும் அமைப்பில் ஷார்ப் பணியாற்றினார். ராணுவத்தையே ஏற்காத திருச்சபையைச் சேர்ந்தவர் ராணுவ வீரர்களுடன் அமர்ந்து அவர்களின் மனப்போராட்டத்தைக் கேட்டார். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் அமைதி, பூசல் குறித்த முதுகலைப் படிப்பையும் ஜெர்மனியிலேயே முடித்தார்.

வாழை மர நிழலில் பேச்சு

மெனோனைட் மத்தியக் குழு என்னும் நிவாரண அமைப்பு 2012ஆம் ஆண்டில் அவரைக் கிழக்குக் காங்கோவுக்கு அனுப்பியது.

1994ஆம் ஆண்டு ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு எல்லை தாண்டிய ஹூட்டு இனத்தவர் சிலர், கிழக்குக் காங்கோ காடுகளில் எஃப்டிஎல்ஆர் என்னும் ஆயுதக் குழுவாக இயங்கி வந்தனர். கிராம மக்கள்மீது அக்குழு நடத்திய தாக்குதல்கள் கொடூரமானவை. ராணுவ நடவடிக்கைகள் பல எடுக்கப்பட்டும் குழு ஒழியவில்லை.

காங்கோவின் புரோட்டஸ்டண்ட் திருச்சபைகள் வேறு வழியில் முயன்றன. உள்ளூர்ப் போதகர்கள் காட்டுக்குள் நடந்து சென்று, தளபதிகளையும் வீரர்களையும் சந்தித்துப் பேசினர். ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு, மனைவி மக்களுடன் ருவாண்டா திரும்பலாம் என்று எடுத்துக் கூறினர். அத்திட்டத்திற்குத் துணைநின்ற ஷார்ப்பும் பாதுகாவலர் இன்றி அவர்களைச் சந்திக்கச் சென்றார். வாழை மர நிழலில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி அவர்களின் கதையைக் கேட்பார். சொந்த ஊரை நினைத்து ஏங்கும் மனிதர்களைத்தான் அங்கே கண்டதாக அவர் பின்னர் செய்தியாளர்களிடம் விளக்கினார்.

திருச்சபைகளின் அத்திட்டம் சுமார் 1,600 பேரை ஆயுதங்களைக் கைவிடச் செய்தது. வெற்றி தனி மனிதருக்கு உரியதன்று. ஆண்டுக்கணக்கில் நடந்தே சென்ற காங்கோ போதகர்களின் பங்கு அதில் முதன்மையானது.

கசாயில் கடைசிப் பயணம்

ஷார்ப் 2015ஆம் ஆண்டில் ஐநா பாதுகாப்பு மன்றத்தின் காங்கோ வல்லுநர் குழுவில் சேர்ந்தார். பின்னர் அதன் ஒருங்கிணைப்பாளரானார். யார் யாருக்கு ஆயுதம் விற்கிறார்கள், யார் மனித உரிமைகளை மீறுகிறார்கள் என்பதை ஆராய்ந்து பாதுகாப்பு மன்றத்திடம் அறிக்கை அளிப்பது அக்குழுவின் வேலை. ஐநாவுக்கும் காங்கோவுக்கும் உள்ள தொடர்பு பழையது. மலாயா தனது வரலாற்றில் முதன்முறையாக ஐநா அமைதிப் பணிக்குப் படை அனுப்பியதும் 1960ஆம் ஆண்டில் அந்நாட்டுக்கே.

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கசாய் வட்டாரத்தில் கமுயினா நசாப்பு என்னும் பட்டத்தைத் தாங்கிய பாரம்பரியத் தலைவரைப் பாதுகாப்புப் படையினர் கொன்றனர். அவருடைய ஆதரவாளர்கள் கிளர்ந்தெழ, படையினர் கடுமையாக ஒடுக்கினர். சுமார் 14 லட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். 3,000க்கும் அதிகமானோர் மாண்டதாகக் கத்தோலிக்கத் திருச்சபை கணக்கிட்டது. மெனோனைட் திருச்சபை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வேரூன்றிய வட்டாரமும் அதுதான். வீடிழந்தவர்களில் மெனோனைட் குடும்பங்களும் இருந்தன.

அங்கு நடந்த அத்துமீறல்களை விசாரிக்கவே ஷார்ப்பும் கட்டலானும் கனங்கா நகருக்குச் சென்றனர். மார்ச் 12ஆம் தேதி மோட்டார் சைக்கிள்களில் புங்கொண்டே கிராமத்தை நோக்கிப் புறப்பட்டனர். திரும்பவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரங்கள் கழித்து, மார்ச் 27ஆம் தேதி, ஆழமில்லாத குழி ஒன்றில் இருவரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன.

மொழிபெயர்ப்பில் மறைந்த எச்சரிக்கை

பயணத்திற்கு முந்தைய நாள் கனங்காவில் உள்ளூர்ப் பிரமுகர்களுடன் இருவரும் பேசினர். அந்த உரையாடலின் ஒலிப்பதிவை அனைத்துலகச் செய்தி நிறுவனங்கள் சில பின்னர் ஆராய்ந்தன. புங்கொண்டேக்குச் செல்வது ஆபத்து என்று சிலுபா மொழியில் ஒருவர் எச்சரித்திருந்தார். ஆனால் வல்லுநர்களுக்கு அது பாதுகாப்பான பயணம் என்ற பொருளில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டதாக 2018ஆம் ஆண்டில் வெளியான அச்செய்திகள் கூறின. பிறர் பேசுவதைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு, அன்று கேட்க வேண்டிய ஒரு சொல் வந்து சேரவில்லை.

கிளர்ச்சியாளர்களே கொலைக்குக் காரணம் என்று காங்கோ அரசாங்கம் தொடக்கத்திலிருந்தே கூறியது. அரசுத் தரப்பினருக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி ஓயவில்லை. நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த வழக்கில், 2022ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி கனங்கா ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 51 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் பலர் பிடிபடாதவர்கள். ராணுவக் கர்னல் ஒருவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. கொலைக்கு உத்தரவிட்டது யார் என்பதற்கு அத்தீர்ப்பு முழு விடை தரவில்லை எனப் பலரும் குறைகூறினர்.

எவரையும் கொல்லக் கூடாது என்று நம்பியவரின் பெயரால் 51 மரண தண்டனைகள். மெனோனைட்டுகள் நெடுங்காலமாக மரண தண்டனையை எதிர்த்து வருபவர்கள். காங்கோவில் 2003ஆம் ஆண்டிலிருந்து அத்தண்டனை நிறைவேற்றப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அரசாங்கம் அந்தத் தடையை நீக்கியது.

திரும்பி வராத இளையர்கள்

மெனோனைட் சேவையின் வரலாற்றில் ஷார்ப்பின் மரணம் முதலாவதன்று. உள்நாட்டுப் போரால் பட்டினியில் வாடிய தெற்கு ரஷ்ய மக்களுக்கு உதவ 1920ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட கிளேட்டன் கிராட்ஸ், இன்றைய உக்ரேனில் கைது செய்யப்பட்ட பிறகு காணாமல் போனார். கல்லூரி மாணவரான அவர் மெனோனைட் மத்தியக் குழு அனுப்பிய முதல் தொண்டர்களில் ஒருவர். வியட்நாமில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டேனியல் கெர்பர், 1962ஆம் ஆண்டில் ஆயுதம் ஏந்தியோரால் கொண்டு செல்லப்பட்டார். அவரும் திரும்பவில்லை.

ஷார்ப்பின் வாழ்க்கை வரலாறு 2022ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அவரும் கட்டலானும் பெற்ற உலகக் கவனம், அவர்களுடன் சென்ற நான்கு காங்கோ நாட்டவருக்குக் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டி அன்றாடக் கூலி ஈட்டியவர்கள் அவர்களில் மூவர். அவர்களின் குடும்பங்களும் விடைக்காகக் காத்திருந்தவர்களே.

பேச்சு ஆயுதத்தை வெல்லும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை என்பதை ஷார்ப்பின் முடிவு காட்டுகிறது. அதே வேளையில், காட்டை விட்டு வெளியேறி ஊர் திரும்பிய சுமார் 1,600 பேரும் பேச்சால் வந்தவர்கள்தாம்.