கடல் கடந்து வந்தவர் யார்?

அரச வமிசங்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. நிலமுடையோருக்கு உறுதிப் பத்திரங்கள் உண்டு. காடழித்துத் தோட்டம் கண்ட உழைப்பாளியின் குடும்ப வரலாற்றை எங்கே தேடுவது?

கஹவத்தையில் என் வகுப்பு மாணவரிடம், “உங்கள் குடும்பத்தில் முதன்முதல் கடல் கடந்து வந்தவர் யார்? எந்த ஊரார்?” என்று கேட்டேன். “இந்தியா, சேர்” என்பதே பலரின் விடை. ஊர்ப் பெயர் சொன்னவர் மூவரே. பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை.

மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரை ஆட்சியாளர் ஆள்வாரியாகப் பதிந்தனர். பெயர், தந்தை பெயர், ஊர், வயது, கப்பல் யாவும் ஏடேறின. மொரீசியசின் மகாத்மா காந்தி நிறுவனம் அவ்வேடுகளைப் பேணி வருகிறது. இலங்கைக்கு வந்தோரோ கங்காணியின் முன்பணத்தில் வந்தவர்கள். ஒப்பந்தம் இல்லாததால் அத்தகைய பதிவேடும் இல்லை. தவறாமல் எழுதப்பட்டது கடன்தான். 1921இல் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’ அக்கடனின் சீட்டே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர வில்லையிலும் தோட்டத்தின் எண் இருந்தது. அதைத் தாங்கி வந்தவரின் பெயர் இல்லை.

பெயரை எழுதாத ஆட்சி போயிற்று. அடுத்து வந்த ஆட்சி பெயருக்குச் சாட்சி கேட்டது! தந்தை இலங்கையிற் பிறந்தவரென்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவரென்றோ காட்டுமாறு 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பணித்தது. லயத்து மக்களில் எத்தனை பேரால் அது இயலும்? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. ஒரு காகிதம் இல்லாமையின் விலை இதுவெனின், காகிதம் தேடுவதை வீண் பொழுதுபோக்கென்று எவர் சொல்லக்கூடும்?

தேடல் வீட்டுத் தகரப்பெட்டியில் தொடங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில், பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கு ஒரு கூடு உண்டு. நம்மை விலக்கிய சட்டத்தின் நிழல் படிந்த அக்கூடே இன்று நமக்கு வழிகாட்டி! 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இட்ட விண்ணப்பத்தின் பிரதியும், கூடலூர், கோத்தகிரி உறவினரின் கடிதங்களும் அங்கே கிடக்கலாம். அடுத்து, இரத்தினபுரியில் பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் தோட்டக் காரியாலயத்துச் செக்ரோலையும் நாடுக. தோட்டம் யார் கைகளில் இருந்ததென்பதைப் பழைய பெர்குசன் கையேடுகள் கூறும். கொழும்பின் தேசிய சுவடிகள் காப்பகமும், குடிபெயர்வு பற்றிய அரசாங்கக் கடிதங்களுக்குச் சென்னை எழும்பூரின் ஆவணக் காப்பகமும் உள.

ஏடு தோற்குமிடத்தில் நினைவு துணைசெய்யும். கங்காணி பெரும்பாலும் தன் ஊராரையும் உறவினரையுமே திரட்டினான். ஆகவே அடுத்த காம்பராவாரின் ஊர் நம் ஊராகவும் இருக்கக்கூடும். குலதெய்வத்தின் பெயரும் ஒப்பாரியில் வரும் ஊரும் தக்க தடயங்கள். என் மாணவனொருவன் தன் அப்பாயியிடம் கேட்டு வந்தான். 1983இல் லயம் எரிந்தபோது பெட்டியும் எரிந்ததாம். எனினும் கிழவி, “எங்க கங்காணி தொறையூர்ப் பக்கம்” என்றாளாம். அவ்வொரு சொல்லைக்கொண்டே அவன் தன் வரலாற்றைத் தொடங்கியிருக்கிறான்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! பழைய ஏடுகளைக் கறையான் தின்கிறது. முதியோரைக் காலம் கொண்டுபோகிறது. ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு இவ்வாரமே லயத்துத் திண்ணையில் சென்று அமருங்கள். பெயரின்றி வந்தவர்களின் பெயரை நாமே எழுதுவோம்.