ஊர்ப்புற உயர்நிலைப் பள்ளி: சேர்ந்தவர் யார், தேறியவர் யார்?

விழா மலர் என்றால் ஆலயம் எழுந்த வரலாறும் பங்கின் தொடக்கப் பள்ளி வரலாறும் தவறாமல் இடம்பெறும். ஆனால் ஊர்ப்புறப் பங்குகளில் ஐந்தாவதோ எட்டாவதோ முடித்த பிள்ளைகள் பெருவாரியாகப் போய்ச் சேர்ந்தது அரசினர் உயர்நிலைப் பள்ளியில்தான். அந்தப் பள்ளியைப் பற்றி நாம் பேசுவது ஆண்டுக்கு ஒரு நாள், தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும். "இந்த வருஷம் எத்தனை பர்சன்ட்?" என்று கேட்கிறோம். பதிலைக் கேட்டு மெச்சுவோரும் உண்டு, உதட்டைப் பிதுக்குவோரும் உண்டு. தேர்வு எழுதியவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்பார் இல்லை. அதை அறியாமல் அந்த விழுக்காட்டுக்குப் பொருள் ஏது?

சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை 1911-ல் வந்தது. அக்காலத்து உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் பட்டணங்களிலேயே இருந்தன. மாதந்தோறும் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டும். தங்கிப் படிக்கச் செலவு வேறு. நிலபுலன் உள்ளவர், உத்தியோகஸ்தர், வணிகர் ஆகியோரின் பிள்ளைகளே, அதிலும் ஆண் பிள்ளைகளே, அங்கு மிகுதி. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுத்தறிந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. தேர்வு எழுதும் நாளுக்கு வெகு முன்பே ஊரின் பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிட்டது. "அந்தக் காலத்துப் படிப்பு போல வருமா?" என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1953-ல் இராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. எதிர்ப்பு வலுத்தது. 1954-ல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956-ல் பகல் உணவு வந்தது. அறுபதுகளின் முற்பகுதியில் உயர்நிலை வகுப்பு வரை சம்பளம் படிப்படியாக நீங்கியது. அன்றைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். நிலமும், பெஞ்சும், கூரைக்கு ஓடும், பிள்ளைகளுக்குச் சீருடையும் ஊர் மக்களே கொடுத்தார்கள். பல சிற்றூர்ப் பள்ளிகள் இப்படித்தான் உயர்ந்தன.

அந்த ஆண்டுகளின் சேர்க்கைப் பதிவேடுகள் படிக்கச் சுவையானவை. பிறந்த தேதி பல பேருக்கு மே, ஜூன், ஜூலையிலேயே விழும். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்ட பையனுக்கு ஐந்து வயது நிரம்பியது என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர் முடிவு செய்து, பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஒரு தேதி போட்டுவிடுவார். பின்னாளில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறியதும், பணி ஓய்வைத் தீர்மானித்ததும் அந்தத் தேதிதான்! தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்ற சொல் வரிசையாக வரும். ஐந்தாம் வகுப்பில் இருந்த பெண் பெயர்கள் எட்டாம் வகுப்பில் மெலிந்து, பத்தில் அருகிப்போகும். பெரியவளானதும் படிப்பு நின்றது. பையன்களை அறுவடையும், ஆடு மாடும், கடலும் இழுத்துக்கொண்டன. வானம் பார்த்த பூமியான சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் விடியுமுன் தீப்பெட்டி ஆலைப் பேருந்து வந்து சிறுமிகளை ஏற்றிச் சென்றது.

எஞ்சியவர் பத்துக்கு வந்தபோது வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. ஆங்கிலமும் கணக்குமே பலரையும் கவிழ்த்தன. இங்கே ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். விழுக்காட்டைக் காப்பதற்காக, மெலிந்த மாணவரை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. நாற்பது பேரை எழுதவைத்து நாற்பது பேரும் தேறினால் நூறு விழுக்காடு. அறுபது பேரையும் எழுதவைத்து நாற்பத்தெட்டுப் பேர் தேறினால் எண்பது விழுக்காடு. இரண்டில் எது ஊருக்கு அதிகம் செய்த பள்ளி? நோய்த்தொற்றினால் 2020-லும் 2021-லும் பத்தாம் வகுப்புத் தேர்வே நடவாமல் அனைவரும் தேர்ச்சி பெற்றதையும் கண்டோம்.

1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோது ஒரு புதிய படி முளைத்தது. பல சிற்றூர்ப் பள்ளிகள் பத்தோடு நின்றன. பதினொன்றுக்கு அடுத்த பெரிய ஊர் போக வேண்டும். பையன் நடந்தான், பெண் நின்றாள். சத்துணவு 1982-ல் தொடங்கி, 1984-ல் பதினைந்து வயது வரை நீண்டது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் தழுவிய ஆதிதிராவிடர் ஆகிய குடும்பங்களின் மேல்நிலை வகுப்பு மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வந்து, சில ஆண்டுகளில் எல்லாருக்கும் பரவியது. ஏட்டில் மெலிந்திருந்த அந்தப் பெண் பெயர்கள் இன்று எங்கே நிற்கின்றன? 2024-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு, மாணவியர் 94.53, மாணவர் 88.58.

அதே ஆண்டு அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 87.90 விழுக்காடு. தனியார் பள்ளிகளைவிடக் குறைவுதான். ஆனால் எழுபதுகளின் பின் ஆங்கிலப் பள்ளிகள் பெருகியபோது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலில் வெளியேறினர். உழவர், கூலித் தொழிலாளர் வீடுகளில் முதன்முதலாகப் பள்ளியைக் கண்ட பிள்ளைகளே மிகுதியாக எஞ்சினர். அவர்களை வைத்துக்கொண்டு எட்டிய எண் அது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த ஆண்டுகளும் அதில் அடங்கும்.

பதிவேட்டில் 'வகுப்பு' என்று சாதியைக் குறிக்கும் இடமும் நம் பங்கு மக்களுக்குப் புதிதல்ல. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறித்தவ ஆதிதிராவிடர் பட்டியல் சாதியில் சேரார். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஒரே தெருவில் ஒரே கூலிக்குப் போகும் இரு வீட்டுப் பிள்ளைகள் ஏட்டில் இரு வேறு பிரிவினர். கல்விச் சலுகைகள் பலவற்றை மாநில அரசு இவர்களுக்கும் வழங்கினாலும், இட ஒதுக்கீட்டில் அந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது.

2020-ல் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவரை விரல் விட்டு எண்ணலாம். அவ்வாண்டே முந்நூறுக்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தோருக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. நம் பெற்றோர் பலர் பிள்ளையை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று மே மாதத்தில் கணக்குப் போடுவது இதனால்தான்.