எழுத்துரு மாறினா உரை என்னாகும்?

1978 பிப்ரவரியில் சிகாகோவில் முதல் புல்லட்டின் போர்டு வந்தது. அதில் போனதெல்லாம் ஆங்கில எழுத்துதான். தமிழில் எழுத நினைத்தவர்களுக்கு இணையத்திலும் அதே சிக்கல். சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியலாளர் கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் எழுத்து. எழுத்துரு இல்லாதவர் கணினியில் அதே மடல் வெறும் கிறுக்கல்!

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்ப நூல்கள் இப்படித்தான் வந்தன. அப்புறம் திஸ்கி வந்தது: முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கு, மீதி தமிழுக்கு. அதன்பின் யூனிகோட். ஒவ்வொரு தடவையும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பழைய உரைகளை மாற்றிக் கொடுத்தார்கள்.

இலவசமாகக் கொடுப்பது ஒருமுறை செய்கிற வேலை. இருபது வருஷம் கழித்தும் திறக்கிற மாதிரி வைத்திருப்பதுதான் பெரும்பாடு. பரமத்தி வேலூர்ல ஒருத்தர் இன்னிக்கு செல்போன்ல அந்த நூல்களைப் படிக்க முடியுதுன்னா, அந்தப் பாடுதான் காரணம்.