பிள்ளை யாருக்குச் சொந்தம்?

'விவாகரத்துச் சட்டம் வந்தது, குடும்பம் குலைந்தது, குழந்தைகள் நடுத்தெருவில் நிற்கின்றன' என்று பேசுகிறவர்களைக் கல்யாணப் பந்தல்களிலும் ரயில் வண்டிகளிலும் கேட்டிருக்கிறோம். அப்படிச் சொல்லுகிறவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. குழந்தைகளிடம் உள்ள பரிவினாலேயே சொல்லுகிறார்கள். ஆனால் அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. விவாகரத்து என்பது அநேகமாக இல்லாதிருந்த காலத்தில், மனம் முறிந்த தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே அகப்பட்ட குழந்தைகள் சுகமாக இருந்தனவா?

கதை எழுதிப் பிழைக்கிற நான் இதற்குக் கற்பனையிலிருந்து பதில் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகையால் சரித்திரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

சாட்சியின் பெயர் கரோலின் நார்ட்டன். 1808-ஆம் ஆண்டு பிறந்தவள். புகழ்பெற்ற நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. கவிதையும் நாவலும் எழுதிப் பெயர் வாங்கியவள். 1827-இல், பத்தொன்பதாவது வயதில், ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் பார்லிமெண்டு அங்கத்தினராகவும் இருந்தவர். அந்தஸ்து இருந்தது, வருமானந்தான் போதவில்லை. மனைவியின் பேனா சம்பாதித்ததைக் கொண்டு வீட்டுச் செலவைச் சமாளித்தார். அதே மனைவியைக் கைநீட்டி அடிக்கவும் செய்தார். பிளெட்சர், பிரின்ஸ்லி, வில்லியம் என்று மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தன.

1836-இல் சண்டை முற்றியது. கணவர் குழந்தைகளை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தினார். மூத்தவனுக்கு ஆறு வயது, நடுவிலானுக்கு நாலு, கடைக்குட்டிக்கு இரண்டு. அதோடு விடவில்லை. அப்போது இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த மெல்போர்ன் பிரபு தம் மனைவியோடு தகாத உறவு கொண்டார் என்று சொல்லி, 10,000 பவுன் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். ஜூன் மாதம் 22-ஆம் தேதி விசாரணை நடந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட வேலைக்காரர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். ஜூரிகள் தங்கள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை; உட்கார்ந்த இடத்திலேயே கலந்து பேசி, மெல்போர்ன் குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த விசாரணையைப் பத்திரிகை நிருபராக இருந்து எழுதியவர் இருபத்து நாலு வயது வாலிபரான சார்லஸ் டிக்கன்ஸ்.

கரோலினின் கற்பு சந்தி சிரித்த அந்த வழக்கில் அவள் கட்சிக்காரி அல்ல. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு உரிமை இல்லை.

சரி, பழி நீங்கியதே, பிள்ளைகள் திரும்பி வந்தார்களா? இல்லை. அந்த நாளைய ஆங்கிலச் சட்டப்படி பிள்ளைகள் தகப்பனுக்கே சொந்தம். தாய் குற்றமற்றவளா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. 1804-ஆம் ஆண்டு டி மான்வில் என்பவரின் வழக்கிலே, எட்டு மாதப் பால்குடிக் குழந்தையைத் தாயிடமிருந்து தகப்பன் பறித்துக்கொண்டு போனபோது, நீதிமன்றம் அவன் பக்கமே நின்றது. கரோலின் வழக்கு நடந்த அதே 1836-இல் கிரீன்ஹில் என்பவரின் வழக்கு வந்தது. கணவன் வேறொருத்தியோடு வாழ்ந்தான். ஒரு குறையும் சொல்ல முடியாத மனைவி, ஆறு வயதுகூட நிரம்பாத மூன்று பெண் குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டினாள். தகப்பனிடமே ஒப்படைக்க வேண்டும் என்றுதான் உத்தரவு ஆயிற்று.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. அக்காலத்தில் மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு கூடிய முழு விவாகரத்து வேண்டுமானால், அவரவர் பெயருக்குப் பார்லிமெண்டில் தனிச் சட்டம் ஒன்று நிறைவேறவேண்டும். பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டக்கூடிய காரியம். 1857-க்கு முன்னால் அப்படி விடுதலை பெற்றவர்கள் 300 பேருக்குச் சற்று மேல். அவர்களில் பெண்கள் நாலே பேர். மனைவி கெட்டவள் என்று ருசுவானால் கணவன் இந்த வழியில் விலகலாம். கரோலினோ குற்றமற்றவள் என்று ஆகிவிட்டாள். ஆகவே விலக வழியில்லை! சட்டத்தின் கண்ணில் அந்தக் குடும்பம் கலையவே இல்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் மூவர் என்று ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் அத்தை வீட்டில் இருந்தார்கள். தாய் லண்டனில் அழுதுகொண்டிருந்தாள்.

அழுகையோடு நிற்கவில்லை என்பதே அவளுடைய பெருமை. எழுதத் தெரிந்த கையல்லவா? பிள்ளைகளின் பேரில் தாய்க்குள்ள உரிமையைப்பற்றித் துண்டுப் பிரசுரங்கள் எழுதினாள். பெண் எழுதினாள் என்றால் மதிக்க மாட்டார்களே என்று, ஒன்றை ஆண் பெயரில் வெளியிட்டாள். டால்ஃபோர்டு என்ற வழக்கறிஞர் பார்லிமெண்டில் மசோதாவைக் கொண்டுவந்தார். தம்முடைய 'பிக்விக்' நாவலை டிக்கன்ஸ் சமர்ப்பணம் செய்தாரே, அந்த டால்ஃபோர்டுதான். 1838-இல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. 1839-இல் நிறைவேறியது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட சிறுவர்களைப் பார்த்துவரவும் தாய் மனுச் செய்யலாம் என்று அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. நடத்தை தவறினாள் என்று நீதிமன்றத்தில் ருசுவான தாய்க்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. இங்கிலாந்தின் சட்டத்தில் தாய் என்று ஒருத்தி இருப்பது முதல் தடவையாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆனால் அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. நார்ட்டன் பிள்ளைகளை அங்கேயே வைத்துக்கொண்டார்.

1842-இல் கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். சின்னக் காயம், சரியாகக் கவனிக்காததால் நஞ்சேறிவிட்டது. தாய்க்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வந்து சேருவதற்குள் பிள்ளையைச் சவப்பெட்டியில் வைத்துவிட்டார்கள். அவனுக்கு வயது ஒன்பது. அதன் பிறகே மற்ற இருவரையும் தாயோடு தங்கியிருக்கத் தகப்பன் சம்மதித்தார். ஒரு பிணம் விழுந்த பிறகு வந்த சம்மதம் அது!

கவனியுங்கள்: இந்தச் சரித்திரத்தில் விவாகரத்தே நடக்கவில்லை. 1875-இல் நார்ட்டன் கண்ணை மூடும் வரையில் அவர்கள் புருஷன் பெண்சாதிதான். விலக முடியாததனால் அந்தப் பிள்ளைகளுக்கு வாய்த்த நன்மை என்ன? தாயை வதைக்கத் தகப்பன் கையில் கிடைத்த சாட்டையானார்கள், அவ்வளவுதான்.

இதிலிருந்து விவாகரத்து நல்லது என்று நான் வாதாட வரவில்லை. வீடு இரண்டானால் குழந்தையின் மனமும் இரண்டாகப் பிளக்கிறது. யாரோடு இருப்பது, யார் பெயரைச் சொன்னால் யார் முகம் சுளிக்கும் என்று ஏழு வயதிலே கணக்குப் பார்க்கிற பிள்ளை, விளையாட மறந்துபோகிறது. அது உண்மைத் துயரந்தான். ஆனால் அந்தத் துயரத்தின் பெரும்பங்கு பிரிவினால் வருவதல்ல. பிரிவுக்கு முந்திய சண்டையினாலும், பிரிந்த பிறகும் ஓயாத பழிவாங்கலினாலும் வருவது என்கிறேன்.

நம்முடைய சங்கதிக்கு வருவோம். நம் ஊர்களில் பல சாதிகளிலே பஞ்சாயத்தார் முன்னிலையில் தீர்த்துக்கொண்டு போகும் வழக்கம் பழமையானது. சட்டம் என்று இந்துக்களுக்குப் பொதுவாக விவாகரத்து வந்தது 1955-இல். மறு ஆண்டே பிள்ளைகளைப்பற்றிய சட்டமும் வந்தது. பிள்ளையின் நலமே எல்லாவற்றிலும் மேலானது என்று அது சொல்லுகிறது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்றும் சொல்லுகிறது. அதே மூச்சில், இயற்கைப் பாதுகாவலர் தகப்பன், 'அவருக்குப் பிறகு' தாய் என்றும் சொல்லுகிறது! 'பிறகு' என்றால் அவர் செத்த பிறகுதானா? இந்த ஒரு சொல்லை எதிர்த்து வழக்காடியவரும் ஒரு நாவலாசிரியையே: கீதா ஹரிஹரன். தகப்பன் உயிரோடு இருக்கையிலும், அவர் பிள்ளையைக் கவனிக்கிற நிலையில் இல்லையென்றால் தாய் பாதுகாவலராகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1999-இல் விளக்கம் கூறியது. 1839-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எண்ணினால் 160 ஆண்டுகள்.

சட்டம் மெதுவாகத்தான் நடக்கும். 'பிள்ளை யாருக்குச் சொந்தம்?' என்று அது வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தது. நிலத்துக்கும் மாட்டுக்கும் கேட்கவேண்டிய கேள்வி அது. பிள்ளை யாருக்கும் சொந்தமல்ல. தாயும் தகப்பனுமே பிள்ளைக்குச் சொந்தம். கணவன் மனைவி என்ற உறவை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். அப்பா, அம்மா என்ற உறவை ரத்துச் செய்ய எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. வழக்கில் ஜெயித்துப் பிள்ளையோடு வீடு திரும்புகிறவர்கள், அந்தப் பிள்ளையின் காதுபட மற்றவரை ஏசாமல் இருப்பார்களானால், சட்டம் செய்ய முடியாத காரியத்தை அவர்கள் செய்தவர்களாவார்கள்.